ஏழாம் கட்டம்

செல்லூர்க் கண்மாய் மறுகால் போன மறுநாள்
புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு
ஒரு சுவரின் சாவை விசாரிக்கப் போனேன்.
காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள்.
அளவு நாடா, கேமரா,
நனையாமலிருக்கப் பாலித்தீன் பைக்குள் படிவம்.
ஏழாம் கட்டம்: சேதத்தின் காரணம்.
ஒரே ஒரு வரிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்.

நான் தத்துவம் படித்தவள். ஆறு பேர் வகுப்பு,
ஓடாத மின்விசிறி இரண்டு.
ஒரு பருவம் முழுக்கக் கிரேக்கர்களோடு கிடந்தோம்.
எல்லாம் நீரிலிருந்தே என்றான் அவர்களில் முதலாமவன்.
அன்று சிரித்தோம்.
பந்தல்குடி வாய்க்கால் பின்வாசல் வழியாக வந்து
முன்வாசல் வழியாகப் போன இந்தத் தெருவில்
அவனை மறுத்துப் பேச ஆளில்லை.

"மழைங்க மேடம்" என்றார் கோவர்த்தனன், மூத்தவர்.
"மழை ஊருக்கெல்லாம்தான் பெஞ்சது,
இது ஒண்ணுதானே விழுந்துச்சு"
என்றது எதிர்வீட்டு மாடி.

செங்கல்லைப் புரட்டினேன். பூச்சு விரலோடு வந்தது.
எட்டுச் சட்டி சவுடுக்கு ஒரு சட்டி சிமெண்ட்.
பொருள் சரியில்லை.
வடிவமும்தான்: ஒன்பதடி உயரம், நாலரை அங்குலத் தடிப்பு,
நடுவில் பேருக்கு ஒரு தூண் இல்லை.
கட்டிய கொத்தனார், செக்கானூரணி ஒச்சப்பன்,
வேடிக்கை பார்க்க வந்தவர்போல் அங்கேயே நின்றார்.
"ஒரே ராத்திரியில ஏத்தச் சொன்னாங்க. ஏத்துனேன்."

ஆல் என்ற உருபுக்கு நம் இலக்கணத்தில்
எத்தனை வேலை!
மண்ணால் ஆனது என்றாலும் ஆல்,
ஒச்சப்பனால் ஆனது என்றாலும் ஆல்,
ஏவியவனால் ஆனது என்றாலும் அதே ஆல்.
கிரேக்கன் பிரித்துப் பிரித்து அடுக்கியதை
ஓர் உருபின் முந்தியில் முடிந்துவிட்டோம்.
கு-வை மட்டும் தனியே விட்டுவைத்தோம்.
எதற்கு என்பதில் இருக்கிற கு.

எதற்கு ஒன்பதடி? எதற்கு ராத்திரியில்?
இளையவர் தாமோதரன்
நனைந்த தறியின் பல்சக்கரத்தைத்
துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.
அவர் மனைவிதான் சொன்னாள்,
சுவர் இருந்த இடத்தைப் பார்க்காமல்:
"எங்க அடுப்பு அவங்க கண்ணுல படக் கூடாதுன்னு."

பத்தொன்பது வருஷம்.
தான் அசையாமல் மற்றதையெல்லாம் அசைப்பது
ஒன்று உண்டு, வானத்துக்கும் அப்பால்,
என்று பரீட்சையில் எழுதிப்
பதினாறு மார்க் வாங்கியிருக்கிறேன்.
இதோ கிடக்கிறது, கல்லும் சேறுமாய்.
நின்ற இடத்தில் நின்றபடி
இரண்டு குடும்பத்தை ஆட்டிவைத்திருக்கிறது.
எட்டடி தள்ளியிருக்கும் குழாய்க்குத் தெருவைச் சுற்றவைத்தது.
பந்து தாண்டி விழுந்த பிள்ளையை அழவைத்தது.
அந்தப் பக்கம் ஒரு சாவு நடந்த அன்று
ஒப்பாரியை மட்டும் விட்டு
ஆளை வரவிடாமல் நிறுத்தியது.

கம்பெனிக்கு இதெல்லாம் வேண்டாம்.
கட்டுமானக் குறை என்றால் காலணா கிடையாது.
வெள்ளம் என்றால் உண்டு,
அதுவும் பழையபடி எழுப்பினால்தான்:
அதே இடம், அதே நீளம், அதே ஒன்பதடி.
இரண்டுமே பொய்யில்லை.
ஒச்சப்பன் வேறு என் பேனாவையே பார்க்கிறார்.
வெள்ளம் என்று எழுதினேன்.

எட்டாம் கட்டம்: மீண்டும் கட்டப்படுமா? ஆம் / இல்லை.

கேட்கத் திரும்பினேன்.
அண்ணன் தம்பியைப் பார்க்கிறார்,
தம்பி சக்கரத்தைப் பார்க்கிறார்.
மூத்தவள் அதற்குள்
இந்த வீட்டு ஜன்னல் கம்பிக்கும் அந்த வீட்டு ஜன்னல் கம்பிக்கும்
கொடி கட்டி ஈரத்துணியை உதறிப் போட்டிருந்தாள்.
அந்தப் பச்சைச் சேலை
எந்த வீட்டுடையது என்று தெரியவில்லை.

கைதவறிப் பேனா மூடி விழுந்தது.
வாய்க்கால் வடிந்துவிட்டது, காற்றும் இல்லை,
தேங்கிய தண்ணீர்தான்.
ஆனாலும் அது மெள்ள நகர்ந்தது,
அண்ணன் முற்றத்திலிருந்து தம்பி முற்றத்துக்கு.
குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒரு பையனும் நானும்
எது தள்ளுகிறது என்று
பார்த்துக்கொண்டிருந்தோம்.