கோழிக்கூட்டின் கொக்கி

ஒப்பந்தம் எளியது.
நாளுக்கு நான்கு மணி நேரம் என் கைகள்;
பதிலுக்கு ஒரு கட்டில், மூன்று வேளைச் சோறு.
சோறு என்பது வாய்ப்பழக்கம்.
இங்கே அது உருளைக்கிழங்கு.

சிக்னெட் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர்,
மண்சாலை தீர்ந்துபோகிற இடத்தில்
ஹெட்டியின் பண்ணை.
ஆறு ஏக்கர், அதில் பாதி சரிவு.
டாஸ்மேனியாவில் ஜூலை என்றால் குளிர்காலம் என்பது
டிக்கெட் வாங்கிய பிறகுதான் உறைத்தது.

கதவோரம் கிடந்த ரப்பர் பூட்ஸ்
எனக்கு இரண்டு அளவு பெரிது.
உள்பக்கம் மார்க்கரில் எழுதிய பெயர்கள்:
யோனாஸ், மிசாக்கி,
இன்னொன்று வியர்வையில் அழிந்து
'லி' மட்டும் மிச்சம்.
மூன்று ஜோடி காலுறை மாட்டி
அவர்கள் விட்டுப்போன இடத்தில் நடந்தேன்.

ஏழே முக்காலுக்குத்தான் விடியும்.
பூண்டுப் பாத்தியில் களையெடுப்பு.
பூண்டும் புல்லும் ஒரே பச்சை, ஒரே உயரம்.
முதல் நாள் நான் பிடுங்கிய களையில்
பதினோரு பூண்டுச் செடிகள்.
ஹெட்டி அவற்றைப் பொறுக்கி அலசி
இரவு ஆம்லெட்டில் போட்டாள்.
"இளசாகவும் நன்றாகத்தான் இருக்கிறது."
திட்டா, பாராட்டா, தெரியவில்லை.
அவள் பேச்சு பாதி வழியிலேயே
பஸ்ஸைவிட்டு இறங்கிவிடும்.

கிண்டியில் ஒன்பது வருடம்
காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தேன்.
நனைந்த கிடங்கு, எரிந்த லாரி,
ஷட்டர் பூட்டாத நகைக்கடை
எல்லாவற்றையும் புகைப்படத்தில்தான் பார்த்தேன்.
'கவனக்குறைவு' என்று ஒரு சொல்,
கோப்பு மூடிவிடும்.
பிறகு டீ வரும்.

அந்தச் சாயங்காலம்
வசுமதி செய்தி அனுப்பியிருந்தாள்.
பதவி உயர்வாம், என் பழைய நாற்காலியாம்.
வாழ்த்துக்கு எந்தப் பூங்கொத்துப் படம் போடலாமென்று
மரத்த விரலால் தேடிக்கொண்டே
கோழிக்கூட்டைச் சாத்தினேன்.
சாத்தினேன்.
கொக்கி?

குவோல் பூனையளவுதான் இருக்குமாம்,
பழுப்பு முதுகில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி புள்ளிகளாம்.
நான் பார்க்கவில்லை.
அது மிச்சம் வைத்ததைப் பார்த்தேன்.
பதினான்கில் ஒன்பது.
வைக்கோலெல்லாம் இறகு.
பிரெண்டா என்ற வெள்ளைக் கோழி
கூரைக் கம்பியில் உட்கார்ந்துகொண்டு
மதியம்வரை இறங்கவில்லை.

"மண்வெட்டி கொண்டுவா" என்றாள் ஹெட்டி.
அவ்வளவுதான்.
ஆப்பிள் மரத்தடியில் உறைபனி பிடித்த மண்
ஓடு மாதிரி உடைந்தது.
தோண்டத் தோண்ட என் மண்டைக்குள் அறிக்கை
தானாகத் தட்டச்சாகிக்கொண்டிருந்தது:
இழப்பு, ஒன்பது. காரணம், மேற்படிச் சொல்.
கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.
கையெழுத்து, நானே.

குழி மூடியதும் பர்ஸை எடுத்தேன்.
எண்பது டாலர், நூறு, எவ்வளவு ஆனாலும்.
அவள் நோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.
"இது முட்டையிடுமா?"
என் கோட்டுப் பையிலேயே திருகி வைத்துவிட்டு
கடிகாரம் பார்த்தாள்.
"ஒன்றரை மணி நேரம்.
உன் நாலில் கழித்துக்கொள்."

அதுதான் வலித்தது.
கத்தியிருக்கலாம்.

மறுநாள் காலை ஒரே ஒரு முட்டை.
இரண்டு தட்டுகளிலும் பாதிப் பாதி.
மிளகுத்தூளை யார் முதலில் எடுப்பதென்று
இருவருமே காத்திருந்தோம்.

இரவு பத்து மணி.
போர்வையை உதறி, டார்ச்சுடன் சரிவில் இறங்கினேன்.
கீழே ஏற்கனவே ஒரு வெளிச்சம்.
நைட்டிமேல் மழைக்கோட்டு மாட்டி ஹெட்டி.
"ஆடு கத்தின மாதிரி இருந்தது" என்றாள்.
"எனக்கும் கேட்டது" என்றேன்.
ஆடுகள் அசைபோடக்கூட இல்லாமல் தூங்கின.
இரண்டு டார்ச்சும் ஒரே இடத்தில் விழுந்தன.
வளையத்துக்குள் கொக்கி
நன்றாகத்தான் மாட்டியிருந்தது.

மேலே ஏறினோம். மூச்சு வெள்ளையாகப் போனது.
தண்ணீர்த் தொட்டியருகே அவள் நின்றாள்.
"இன்றைக்கு மாட்டியது நீயா, நானா?"
யோசித்துப் பார்த்தேன்.
"நினைவில்லை."

மறுபடியும் இறங்கினோம்.