இரண்டு கொம்பு

செவனம்மாவுக்கு வேலை
சிம்மக்கல் விதைக்கடையில்.
வருஷா வருஷம் போனஸோடு ஒரு பஞ்சாங்கம் தருவார்கள்.
இந்தமுறை ஒரு கிழங்கு.

முழங்கை மாதிரி மடங்கி, இரண்டு கொம்பு.
"கலப்பைக் கிழங்கு. காந்தள்.
தொட்டா கையக் கழுவு.
கொம்புக்கு ஒரே ஒரு கண்ணு, நுனியில.
அது போனா போச்சு."
பெயிண்ட் வாளியில் படுக்கவைத்து
நாலு விரற்கடை மண் போட்டாள்.

ஆனையூரில் லாரித் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருதரம்.
மாடிக்குக் குடம் ஏற்றுகிறவன் நான்.
வாளிப் பக்கம் சாய்க்கப் போனால்
"வேணாம், அது தூங்குது."
தூங்குகிறதா, செத்ததா,
மேலே நின்று பார்த்தால் இரண்டும் மண்தான்.

ஆடிக்காற்று கொடியில் கிடந்த சட்டையை
அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனது.
வாளியில் ஒன்றுமில்லை.

ஒரு மத்தியானம், சவாரி இல்லை,
விரலை விட்டேன்.
சூடு. செங்கல் சில்லு.
பிறகு என்னவோ வழவழப்பு.
பிறகு, டிக்.

ஷேர் ஆட்டோவில் கிளட்ச் வயர் அறுந்தால்
தெருவே திரும்பிப் பார்க்கும்.
இது எனக்கு மட்டும் கேட்டது.
விரல் நுனியில், அரிசி நீளத்தில்,
வெள்ளையாய் ஒரு கண்.

கையைக் கழுவினேன். இரண்டு தரம்.

சாயங்காலம் மண்ணைப் பார்த்து
"எலியா?" என்றாள்.
"எலிதான்."
மறுநாள் கடையிலிருந்து பொறி வந்தது.
வாராவாரம் அதற்கு மசால்வடை
வாங்கி வந்ததும் நான்தான்.

ஆவணி மழைக்கு மற்ற கொம்பு வெளியே வந்தது.
இலை நுனியே சுருண்டு சுருண்டு
கேபிள் வயரைப் பிடித்து ஏறி
பக்கத்து வீட்டு டிஷ் வரைக்கும் போய்
அங்கே கொஞ்சம் யோசித்தது.

ஐப்பசி அடைமழை.
தலைகீழாய்த் தொங்கிய மொட்டு
இதழையெல்லாம் மேலே தூக்கிக்கொண்டது.
முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள்,
அப்புறம், மழையில் நிற்கிற வண்டிகளின்
பின்விளக்கு நிறம்.

குடை பிடித்து எண்ணினாள். ஏழு.
"எலி கடிக்கலேன்னா பதினாலு"
என்றாள், பூவைப் பார்த்துக்கொண்டே.

தையில் கொடி காய்ந்துவிடுமாம்.
பழைய கிழங்கு வற்றி
அதனிடத்தில் புதிது ஒன்று மடங்கியிருக்குமாம்,
மறுபடி இரண்டு கொம்போடு.

சொல்லிக்கொண்டே பொறியிலிருந்து
நனைந்த வடையை உதறினாள்.
பொறியை என் கையில் கொடுத்தாள்.

"கடையில திருப்பிக் குடுத்துரு.
அடுத்த வருஷம் எலி வராது."