பக்கம் 62, அட்டவணைக்குக் கீழே

எல்லா ரயில்களும் வந்து திரும்புகிற ஊர் என்பதால்
எல்லாக் குழுக்களும் ஓல்டனில்தான் கூடும்.
நிலையத்துக்குப் பக்கத்தில், ஆரே ஆறு தெரிகிற
மூன்றாம் மாடி அறை.
பதினொரு நிபுணர்கள். பன்னிரண்டாவது நான்.
'நடைமுறைப் பிரதிநிதி' என்று அட்டையில்,
என் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.
இரவு வேலை முடித்து
சீருடையைப் பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

பேசுபொருள் படுக்கைப்புண்.
குதிகால், இடுப்பு, வாலெலும்பின் நுனி:
உடம்பு தன் பாரத்தைத் தானே தாங்க மாட்டாமல்
உள்ளிருந்து உளுத்துப்போகிற இடங்கள்.

நோயாளியை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவது?
இரண்டு என்று படித்தோம்.
இருபது வருடம் இரண்டு என்றே புரட்டினேன்.
பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு.
நித்திரை கூடிவருகிற நேரம் பார்த்து எழுப்பினால்
ட்சூர்பிரிக்கன் அம்மா தன் மலைப்பேச்சில் திட்டுவார்.
எனக்குப் பாதிதான் விளங்கும். அந்தப் பாதி போதும்.

லுகானோவிலிருந்து வந்த புள்ளியியல்காரர் டிசியானோ
கணினியைத் திருப்பிக் காட்டினார்:
இந்த இரண்டுக்கு ஆதாரம் மெலிவு.
எவரோ எப்போதோ சொன்னது,
சொன்னதை அச்சடித்தது,
அச்சடித்ததை நாங்கள் புரட்டியது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் தோள்மூட்டு சிரிக்கவில்லை.

மதியம் முழுக்க வினைமுற்றுக்குச் சண்டை.
புரட்ட வேண்டும்.
புரட்டுவது நல்லது.
புரட்டலாம்.
ஜெர்மனில் நடந்ததை நான் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
'வேண்டும்' என்றால் வழக்கு வரும் என்றார் சட்டம் தெரிந்தவர்.
'லாம்' என்றால் ஆள் குறைப்பார்கள் என்றேன்.
அந்தச் சின்ன 'லாம்' வழியாக
ஒரு தாதியை வெளியே அனுப்பிவிட முடியும் என்பது
மேசையில் என் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

பிறகு ஆறாம் அட்டவணை.
முதல் அறிகுறி: தோல் சிவத்தல்.
ஒருவருக்கும் ஆட்சேபமில்லை.
தலைவர் ரெகுலா ஏஷ்பாஹர் பக்கத்தைத் தள்ளப் போனார்.

சட்டைக் கையை மடித்தேன்.
முன்கையில் கட்டைவிரலை அழுத்தி, எடுத்து,
"சிவந்ததா?" என்றேன்.
பதினொரு பேரும் குனிந்து பார்த்தார்கள்.
எவரோ கோப்பிக் கரண்டியைத் தவறவிட்டார்.

டெஸ்ஃபலெமைப் பற்றிச் சொன்னேன்.
அஸ்மாராவில் பிறந்தவர். முதுகுத்தண்டு முறிந்து நாற்பது நாள்.
படிவத்தில் தினமும் எழுதினோம்: சிவப்பு இல்லை.
பொய் இல்லை.
சிவப்பும் இல்லை.
நாற்பத்தோராம் நாள் எலும்பு தெரிந்தது.

டிசியானோ தேடினார்.
முப்பத்தோரு ஆய்வு; தோலின் நிறத்தைக் குறித்தவை இரண்டு.
பரிந்துரைக்குப் போதாது,
வேண்டுமானால் அடிக்குறிப்பாய்ப் போடலாம்.
(மறுபடி லாம்.)

எறும்பெழுத்தில் மூன்று வரி:
கருந்தோலில் சிவப்பு தெரியாதிருக்கலாம்.
தொட்டுச் சூட்டையும் இறுக்கத்தையும் அறியலாம்.
மேலும் ஆய்வு தேவை.

கடைசி வரியை
மங்களம் பாடுவது என்றே நினைத்தேன்.
ஆறு மணி ரயிலுக்கு எல்லோரும் மேலங்கி தேடினார்கள்.

ஆனால் அடுத்த வருடத்து ஆய்வுநிதி அறிவிப்பு
அந்த வரியில்தான் தொடங்கியது.
லோசானில் மாயெல் என்று ஒரு பெண்
அதைப் பிடித்துக்கொண்டு நான்கு வருடம்
இருநூற்று முப்பது முதுகுகளை அளந்தாள்,
தோலின் ஈரம் அறிகிற ஒரு சிறு கருவியோடு.
கட்டுரையின் முதல் மேற்கோள்: நிபுணர் குழு, பக்கம் 62.
என் பெயர் இல்லை.
டெஸ்ஃபலெமின் பெயர் எப்படி இருக்கும்.

புரட்டுவது நான்கு மணித்தியாலம் ஆயிற்று.
அதை நித்திரைகொண்டு பார்க்க
ட்சூர்பிரிக்கன் அம்மா இருக்கவில்லை.
இரவில் ஓர் ஆளைக் குறைத்தார்கள். சொன்னேனே.

நேற்றிரவு மூன்று அறைகளின் அழைப்புவிளக்கு எரிந்துகொண்டிருக்க
கைவிளக்கைச் சாய்த்து ஒரு முதுகைப் பார்த்தேன்,
அவசரமாக, கண்ணால் மட்டும்.
போன மாதம் வேலைக்குச் சேர்ந்த லதீனா
போர்வையைப் பிடித்தபடி சொன்னாள்:
"பார்த்தால் போதாது. தொட வேண்டும்.
அறிக்கையில் இருக்கிறது."

வேண்டும் என்றாள்.
எந்தப் பதிப்பில், எவர் கையால் மாறியது என்று
நான் கேட்கவில்லை.
புறங்கையை வைத்தேன்.
சூடாக இருந்தது.