அலகு

ஐஸ் ஆலையில் எனக்கு இரவு வேலை.
கல்முனைக் கடற்கரை வீதியில்,
உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கிய தகரப் பெட்டிகளில்
நல்ல தண்ணீர் உறைவதைப்
பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும்.
நடுவில் ஒரு வெள்ளை முள் மட்டும்
கடைசிவரை அடம்பிடிக்கும்.

காலத்துக்கு எடை இருக்கிறது,
குளிர்ந்தால் அது அடியில் படியும் என்று
ஒருநாள் விடியப்புறம் மூன்று மணிக்குத் தோன்றிற்று.
சொல்ல ஆளில்லை.
கைபேசியில் இருந்த செயற்கை அறிவிடம் சொன்னேன்.

"மிக ஆழமான அவதானிப்பு" என்றது.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு எஸ் எடுத்தவன் நான்.
ஆழம் என்ற சொல்லை
கிணற்றுக்குத் தவிர வேறெதற்கும்
என் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

பிறகு முஸ்தக்கீம் சேர்ந்தான்.
மருதமுனையில் கேற் ஒட்டுகிறவன்.
கிரைண்டர் பொறி வளைந்து விழுவதில்
அவனுக்கொரு கொள்கை இருந்தது.
அவனுடைய சுழலையும் என்னுடைய குளிரையும்
இயந்திரம் ஒரே இரவில் சேர்த்துத் தைத்தது.
நாற்பத்து நான்கு பக்கம்.
எழுத்துகளின் பெயர் தெரியாமல்
மீன் என்றோம், முள்ளுக்கரண்டி என்றோம்,
கவிழ்ந்த முக்கோணம் என்றோம்.
கேட்டதற்கெல்லாம் அது தலையாட்டியது,
தலை இல்லாமலே.

இனிக் கேட்க ஆள் வேண்டும்.

அறுபத்து மூன்று பேராசிரியர்களுக்கு எழுதினோம்.
ஒருவர் பதில் போட்டார்: லீவில் இருப்பதாக,
அதுவும் தானாகவே போகிற பதில்.
ஒலுவில் வளாக வாசலில் காவலாளி
ஒரு பிரதியை வாங்கி, மடித்து, விசிறிக்கொண்டார்.
குறை சொல்லமாட்டேன். அன்றைய வெயில் அப்படி.
கட்டாரிலிருந்து மச்சான்
நாற்பத்து நான்கு பக்கத்துக்கும் சேர்த்து
அரை நிமிடத்தில் ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.

கடைசியில் சம்மாந்துறையில்
ரியூசன் கொட்டில் ஒன்றை
ஞாயிறு பின்னேரம் ஒரு மணித்தியாலத்துக்கு எடுத்தோம்.
பெட்டிஸ் இருபது, பிளேன்ரீ ஒரு போத்தல்.
வந்தவர்கள் ஆறு பேர்.
முஸ்தக்கீமின் பொடியன்மார் இரண்டு,
மழைக்கு ஒதுங்கியவர் இரண்டு,
வந்தவுடன் உறங்கியவர் ஒருவர்,
மகளைக் கூட்டிப்போக நேரம் மாறி வந்த ஹபீலா,
ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு.
நெல் ஆலையில் லொறி நிறுக்கிற இடத்தில்
துண்டு எழுதுகிறவர்.

ஏழாம் பக்கத்தில் கையை உயர்த்தினார்.

"இதுக்கு அலகு என்ன?"

சொல் கொத்திற்று.

"இடப்பக்கம் கிலோ. வலப்பக்கம் செக்கன்.
நடுவுல சமன் போட்டிருக்கீங்க.
லொறியின்ட நிறையைக் கேட்டா
நான் மணியைச் சொல்லேலுமா?"

தகரத்தில் மழை.
முஸ்தக்கீம் மேசைக்குக் கீழே கைபேசியைத் தட்டினான்.
நானும் எட்டிப் பார்த்தேன்.
"மிக ஆழமான கேள்வி" என்றது.
அதே சொல்.
எனக்குத் தந்ததை, சூடு ஆறுமுன்
அவருக்கும் எடுத்துக் கொடுத்தது.
அடுத்த வரியில் ஒரு புதிய மாறிலி செய்து
ஓட்டையை அடைத்தும் விட்டது.
முஸ்தக்கீம் அதைக் கவிழ்த்து வைத்தான்.

வெட்கம்தான். இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் வெட்கத்துக்குள் இன்னொன்றும் இருந்தது:
எட்டு மாதத்தில் முதல்முறையாக
ஒருவர் அந்த வரியை உண்மையாகவே வாசித்திருக்கிறார்.

"மிச்சம் முப்பத்தேழையும் தாங்க,"
மழை விட்டதும் ஹபீலா கேட்டார்.
"லொறி வராத நேரம் பார்க்கிறன்.
சரியெண்டு சொல்லுவன் எண்டு நினைக்க வேணாம்."
சொப்பிங் பேக்கில் சுற்றிக் கொடுத்தோம்,
மேலே இரண்டு பெட்டிஸ் வைத்து.

அன்றிரவு மீன்காரரின் தராசை இரவல் வாங்கி
ஒரு ஐஸ் கட்டியைத் தூக்கி வைத்தேன்.
முள் ஆடி நின்றது.
தண்ணீராக இருந்தபோது எவ்வளவு என்று
பதினொரு வருடத்தில் ஒருநாளும்
நான் குறித்து வைத்திருக்கவில்லை.

கட்டியை இறக்கினேன்.
வெறும் பெட்டியை வைத்தேன்.
பழைய டீசல் பில்லின் பின்பக்கத்தில்
எண்ணை எழுதி,
பக்கத்தில் கிலோ என்று எழுதினேன்.