மேயர் சாப்பிடவில்லை

மே இருபத்தெட்டு: நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
ஒரு கரப்பான். கீரையைத் தொடவில்லை.
ஜூன் மூன்று: நானூற்றுப் பத்து. ஒன்றுமில்லை.
ஜூன் ஒன்பது: அதே.
மாவு நிறுக்கும் தராசில் தாடி ஓணானை நிறுத்தி
கேஸ் பில்லின் முதுகில் எழுதிவைக்கிறேன்.
முன்பெல்லாம் தராசில் ஏறியதும்
ஒரு கையைத் தூக்கி மெதுவாக அசைப்பான்,
கூட்டத்துக்குக் காட்டுவதுபோல்.
அதனால்தான் டெக்லன் அவனுக்கு மேயர் என்று பெயர் வைத்தான்.

இப்போது கை தூக்குவதில்லை.

புரோக்கன் ஹில்லில் ஜூன் என்றால்
விடியலில் தகரக் கூரை படபடவென்று சுருங்கும்.
நாய்க்கு வைத்த தண்ணீரின் மேல்
கண்ணாடித் தோல் ஒன்று படியும்.
கோடையில் கம்பத்துக்கு ஒன்றாய்
வேலியில் உட்கார்ந்திருந்த காட்டு ஓணான்கள்
ஒன்றுகூடக் கண்ணில் இல்லை.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.
அவை வேலிக்காரர்கள். இவன்
அடிலெய்டில் யாரோ ஒருவர் கராஜில்
விளக்குக்கு அடியில் பொரிந்தவன்.
இவன் பெட்டிக்குள் எப்போதும் ஜனவரி.

சிள்வண்டுகள் தபாலில் வருகின்றன,
அட்டைப்பெட்டிக்கு ஐம்பது.
இவன் தின்னாததால் அவற்றுக்கு நான் கேரட் நறுக்குகிறேன்.
தின்கிறவன் மெலிய
தீனி கொழுக்கிறது,
ராத்திரி முழுக்கப் பாட்டு வேறு.
ஒருநாள் இரண்டை உள்ளே விட்டபடி தூங்கிப்போனேன்.
காலையில் அவன் வால் நுனியில் கடித்த தடம்.
தன் சாப்பாட்டிடமே கடி வாங்கிக்கொண்டு
அசையாமல் படுத்திருந்தான்.
அன்று மதியம்வரை அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
வீட்டுக்குள் நடந்தேன்.
வேலியில் போகிறதை எடுத்து மடியில் விட்டுக்கொண்டால்,
சரி, யாரைக் குறை சொல்ல.

டெக்லன் வடமேற்கே ஓர் இரும்புச் சுரங்கத்தில் இருக்கிறான்.
மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் எங்கோ.
ஞாயிறு இரவு கூப்பிடுவான்.
"சாப்பிட்டானா?"
"இரண்டு தின்றான்."
"கீரை?"
"கொஞ்சம்."
அப்புறம் நீ, என்று நான் தொடங்குவதற்குள்
வைத்துவிடுவான்.
மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று.

மில்துராவிலிருந்து வரும் டாக்டர் யூன்
கரண்டிக் காம்பால் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்தார்.
புண் இல்லை. புழு இல்லை.
பில்லின் முதுகை இரண்டு தரம் படித்தார்.
நாலு வாரத்தில் ஐந்தே கிராம்.
"நோயில்லை, மிஸ்டர் ட்ரெலோர். குளிர்காலம்."
"பெட்டிக்குள் முப்பத்தெட்டு டிகிரி வைத்திருக்கிறேனே."
"அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது" என்றார்.
விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்,
அப்புறம் அணைத்துவிடுங்கள்.
தண்ணீர் மட்டும் போதும்.

முப்பத்தொரு வருடம் பூமிக்கடியில் ஈயம் வெட்டியவன் நான்.
தொப்பி விளக்கின் வட்டத்துக்குள் சாண்ட்விச்சைப் பிடித்துக்கொண்டு
தினம் ஒரு வேளை இருட்டில் சாப்பிட்டவன்.
பேட்டரி செத்த அன்றுகூட
வாய் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தது.
ஆனாலும் அந்தக் கடைசி சுவிட்சில் விரல் வைக்க
எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அணைத்ததும் சமையலறை பெரிதாகிவிட்டது.
அவன் மரப்பட்டைக்கு அடியில் போய்
மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்,
ஷிஃப்ட் முடிந்தவன்போல்.

அடுத்த ஞாயிறு.
"சாப்பிட்டானா?"
"இல்லை. மே கடைசியிலிருந்தே இல்லை."
அந்தப் பக்கம் யாரோ தட்டுக் கழுவும் சத்தம்.
"நேற்று புரண்டு படுத்தான்" என்றேன்.
"எந்தப் பக்கம்?"
"சுவர்ப் பக்கம்."
"நல்லது."
வைத்துவிடுவான் என்று காத்திருந்தேன்.
வைக்கவில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
"அது என்ன சத்தம், அப்பா?"
"அவன் சாப்பாடு" என்றேன்.
"சௌக்கியமாக இருக்கிறது."