இரட்டைப் பதிவு

தப்பு என்னுடையதுதான்.
சனிக்கிழமை, மாலை ஆறு, பெரிய மண்டபம்:
பென்சிலில் ஒரு குழு இருந்தது.
அதன்மேலேயே பேனாவால் இன்னொன்றை எழுதினேன்.
அன்று எனக்குப் பல்வலி.
சாட்ஸ்வர்த் மண்டபத்துப் பதிவேட்டில்
பதினோரு வருஷத்தில் இது இரண்டாவது பிழை.
முதல் பிழையைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை,
அந்தக் கல்யாணமே நிலைக்கவில்லை.

ஐந்தரைக்குக் கூத்துக்காரர்கள் வந்தார்கள்.
இரண்டு வண்டி நிறையக் கிரீடம், புஜகீர்த்தி,
வெங்காய மூட்டைபோல் கட்டிய சலங்கை.
அர்ஜுனன் வேஷம் சத்தியசீலனுக்கு.
பகலில், மோதி நசுங்கிய கார்களுக்கு
முகம் தட்டி நிமிர்த்துகிறவன்.
அவன் முகம் பாதி பச்சை, பாதி வியர்வை.
கையில் வசனத் தாள்:
தமிழ்தான், ஆங்கில எழுத்தில்.
ழகரம் வருகிற இடத்திலெல்லாம்
சிவப்பு மையில் ஒரு சுழி.

ஐந்தேமுக்காலுக்கு உம்லாசியிலிருந்து ஒரு பேருந்து.
பதினான்கு ஆண்கள், கறுப்புக் கோட்டு,
வெள்ளைக் கையுறை,
முகம் பார்க்கலாம் போன்ற காலணி.
குழுத் தலைவர் பெகானி ரசீதை நீட்டினார்.
என் கையெழுத்து, என் முத்திரை.

அவர்களிடம் ரசீது.
இவர்களிடம் வழக்கம்:
“இந்த மாசத்து ரெண்டாம் சனி
இருபது வருஷமா எங்களுது, தெரியாதா?”
தெரியும். அதனால்தானே பென்சில்.

இருநூறு நாற்காலி, முந்நூறு பேர்.
மூன்று மொழியில் திட்டு வாங்கினேன்.
ஒன்று எனக்குச் சரியாகப் புரியாது,
அதில் மட்டும் கொஞ்சம் மரியாதை இருந்ததாக
நானே வைத்துக்கொண்டேன்.

ஆறு பத்துக்கு மின்சாரம் போனது.
சொல்லிவிட்டுத்தான் போனது;
அட்டவணை என் தலைக்குப் பின்னால்
சுவரில் ஒட்டியிருந்தது.
ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்தவன்
நிம்மதியாகப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தான்.

நாணயம் சுண்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தோம்.
பாடகர்கள் முதலில்.

அவர்கள் ஆடியதைக் கேட்கவே முடியவில்லை.
பதினான்கு கால் ஒன்றாக எழும்பி
தரையைத் தொடுமுன் மனம் மாறி
பூனைபோல் இறங்கியது.
சுரங்கத்து விடுதியில்
காவலாளி விழிக்காமல் ஆடிப் பழகியதாம் அது.
அந்த மெத்தென்ற காலின்மேல்
எப்படி அவ்வளவு பெரிய குரலை நிறுத்தினார்கள்?

பிறகு சலங்கை.
கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில்
விடிந்தால் வெட்டரிவாள் என்று தெரிந்தும்
எவன் விழித்தால் எனக்கென்ன என்று ஆடிய கால்.
கூரைத் தகடு அதிர்ந்தது.
முன்வரிசைக் குழந்தையொன்று அழுது, பின்
அழுததை மறந்து வாய் பிளந்தது.

தபசு ஏறக் கம்பம் வேண்டும்.
கம்பம் நடத் தரையைத் தோண்ட
நகராட்சி விடாது.
பல்பு மாற்றும் ஏணியைக் கொடுத்தேன்.
ஒரு கால் ஆட்டம் கண்ட ஏணி.
கேளாமலே பாடகர் நால்வர் வந்து பிடித்துக்கொண்டார்கள்.
வெள்ளைக் கையுறைகள் மட்டும் தெரிந்தன,
இருட்டில் எட்டு.

ஏறினான்.
மேலே வெளிச்சமில்லை, தாளைப் படிக்க முடியாது.
ஒரு கணம் எல்லோரும் அவனோடு மாட்டிக்கொண்டோம்.
பின் வாயில் வந்ததைப் பேசினான்.
ழகரமெல்லாம் லகரமாய்க் கொட்டியது.
சிவனுக்குப் புரிந்திருக்கும்.

எட்டரைக்கு விளக்கு வந்தபோது
ஏணி உச்சியில் பச்சை முகத்தோடு ஒரு கார் பட்டறைக்காரன்,
கீழே கழுத்து வலிக்க நிமிர்ந்த நாங்கள்.
யாரும் கை தட்டவில்லை சற்று நேரம்.

எல்லாம் இனித்து முடிந்ததென்று எழுத மாட்டேன்.
மூன்று குடும்பம் பாதியில் போய்
பணத்தைத் திருப்பிக் கேட்டது.
பேருந்து ஓட்டுநர் கூடுதல் நேரத்துக்குச் சண்டை போட்டார்.
திங்கட்கிழமை கடிதம் வந்தது: விளக்கம் தருக.
பல்வலி, என்று எழுதிக் கொடுத்தேன்.

ஏணிப் படியில் ஒரு கையுறை கிடந்தது,
உள்ளங்கையில் பச்சை.
தொலைந்த பொருள் பெட்டியில் போட்டு
தேதி எழுதினேன்,
பேனாவால்.
இரண்டு வாரமாயிற்று.
பல்லைப் பிடுங்கிவிட்டார்கள்.
கையுறையைக் கேட்டு இன்னும் யாரும் வரவில்லை.