பத்துச் சலவை

காமாரா சந்தை, மூன்றாம் மாடி.
சன்னலில் லீமாவின் வானம், அலசாத சாம்பல்.
எர்மெலிந்தா நாற்பத்துமூன்று பனியன் கேட்டாள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்து வேலைநிறுத்தத்துக்கு.

ஸ்க்ரீன் அச்சென்றால் சட்டம் கட்டணும், மை காயணும்.
துணி கிழிந்தாலும் எழுத்து போகாது.
எம்பிராய்டரி உறுத்தும்,
விலையும்தான்.
ஹீட் டிரான்ஸ்பர் மலிவு; பத்துச் சலவையில் வெடித்துவிடும்
என்றேன்.

பிளீச் தின்ற நகத்தால்
மாதிரியைச் சுரண்டிப் பார்த்தாள்.
"பத்தா? எந்தச் சோப்பில்?"

சாதாரணச் சோப்பில்.

"அப்போ இதையே போடு.
பதினோராம் சலவைக்கும் தெருவில் நின்றால்
நாங்கள் தோற்றோம்னு அர்த்தம்."

முன்பணம் முழுக்கச் சில்லறை.
அழுத்துப்பொறியைச் சூடேற்றினேன்.
பதினைந்து நொடி போதும்.
ஒவ்வொரு பனியனுக்கும்
அவளிடம் சொல்லாமல்
இரண்டு நொடி கூட்டினேன்.